நூலக மேதை ரங்கநாதனும் எங்கள் வீட்டு வரி ரசீதும்

சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழு நண்பர்கள் இரண்டு மாதமாக விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதைப் பற்றி எழுதுவது? ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிப் போன மலரிலேயே மூன்று பேர் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நானோ முப்பது வருஷத்துக்கு மேல் நூலகராகக் குப்பை கொட்டியவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகமும் தூசியும்தான். ஆகவே, அந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் தகப்பனாக விளங்கிய எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்களைப் பற்றி எழுதலாம் என்று துணிந்தேன். நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு முதலாண்டு மாணவர்களுக்கு நூலகத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். பேச்சு முடிந்து எல்லோரும் டீக்கு ஓடிய பிறகு ஒரு மாணவி மட்டும் தயங்கித் தயங்கி வந்தாள். கல்வராயன் மலை அடிவாரத்து ஊர்க்காரப் பெண். வீட்டில் அவள்தான் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள். கேட்டலாக், பிப்ளியோகிராபி, பீரியாடிகல், ரெஃபரன்ஸ், கால் நம்பர் என்று நீங்கள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறீர்களே ஐயா, இந்த வார்த்தைகளைக் கேட்டாலே எனக்குக் கவுண்ட்டர் பக்கம் போகப் பயமாக இருக்கிறது, இதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள்.

எனக்கு 1972 ஞாபகம் வந்துவிட்டது. திருக்கோவிலூரிலிருந்து தகரப் பெட்டியோடு வந்து பி.யு.சி. சேர்ந்த வருஷம். நூலகத்தில் புத்தகங்கள் எல்லாம் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டி இருக்கும். வெளியில் நின்று முதுகைப் பார்க்கலாம், தொட முடியாது. ஒரு சீட்டில் புத்தகத்தின் பெயர், ஆசிரியர், கால் நம்பர் மூன்றும் எழுதிக் கொடுத்தால் அட்டெண்டர் எடுத்து வந்து தருவார். கால் நம்பர் என்ற இடத்தைப் பார்த்து நான் முழித்தேன். காலுக்கு என்ன நம்பர்? செருப்பு அளவையா கேட்கிறார்கள்? பக்கத்தில் நின்றவனைக் கேட்கவும் வெட்கம். சீட்டை அப்படியே பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அடுத்த இரண்டு மாதம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுப்பது என்று உட்கார்ந்தேன். போடப் போட ஒன்று புரிந்தது. நம்மை மிரட்டும் இந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் பல, இங்கிலீஷே அல்ல! கிரேக்கத்திலிருந்து கடன் வாங்கியவை. நம் பேட்ச் நண்பன் ஒருவன் கப்பல் வேலையில் இருந்தவன், கிரேக்க நாட்டுப் பிரேயஸ் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தவன். அவனுக்குப் போன் போட்டேன். உற்சாகமாகிவிட்டான். அவன் சொல்லச் சொல்ல மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு எழுதிக்கொண்டேன்.

அதில் சிலவற்றைச் சொல்கிறேன். லைப்ரரி என்பது லத்தீன் வழி வந்த சொல். மரத்தின் உள்பட்டையைக் குறித்த சொல் புத்தகத்துக்கு ஆகி, அங்கிருந்து புத்தகச் சாலைக்கு ஆயிற்று. கிரேக்கர்கள் இன்றைக்கும் நூலகத்தை வீவ்லியோதீகி என்கிறார்கள். முன்பாதி புத்தகம், பின்பாதி பெட்டி. அந்தப் புத்தகம் என்ற சொல்லும் எகிப்தின் பாப்பிரஸ் புல்லிலிருந்து வந்ததுதான். நமக்கு ஓலையும் ஏடும் எப்படியோ அவர்களுக்குப் புல்லும் பட்டையும். நாம் ஒருபடி மேலே போய்ப் பஞ்சிலிருந்து நூல் நூற்பதையும் புத்தகம் எழுதுவதையும் ஒரே சொல்லால் சொன்னோம். நன்னூலார் இந்த ஒப்புமையை விளக்கியே காட்டுகிறார். கேட்டலாக் என்பது கதாலோகோஸ், வரிசையாக எண்ணிச் சொல்வது. தெசாரஸ் என்றால் கருவூலம். பழைய கல்வெட்டுகளில் சுவடிகள் இருந்த இடத்துக்குச் சரஸ்வதி பண்டாரம் என்று பெயர். பண்டாரமும் கருவூலம்தானே! வாசகரை அனக்னோஸ்திஸ் என்கிறார்கள். அதன் பழைய வேருக்கு மறுபடி அறிந்துகொள்வது என்று பொருளாம். வாசிப்புக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா என்ன?

இந்தத் தாளை எழுதி முடித்தபோது ரங்கநாதன் நினைவு வந்தது. ஏனென்றால் கிரேக்க எழுத்தையும் தமிழ்ப் புத்தகத்தையும் ஒரே அலமாரி வரிசைக்குள் கொண்டுவந்தவர் அவர். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

சீர்காழியில் 1892 ஆகஸ்டு மாதம் பிறந்தவர். தகப்பனார் ராமாமிர்த ஐயர் ஊரில் ராமாயணம் சொல்பவர். மகனுக்கு ஆறு வயதாகும்போதே அவர் காலமாகிவிட்டார். தாயார் சீதாலட்சுமி. ஊர்ப் பெயரும் தகப்பனார் பெயரும் முன்னால் நிற்க, ஷியாலி ராமாமிர்த ரங்கநாதன் என்பது முழுப்பெயர். வெள்ளைக்காரர்கள் சீர்காழியை அவருடைய கிறிஸ்தவப் பெயர் போல எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். இந்தியப் பெயர்களை நூற்பட்டியலில் எப்படிப் பதிவது என்று பின்னாளில் அவரே விதி எழுத வேண்டி வந்ததில் ஆச்சரியமில்லை.

சீர்காழி சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டுச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். கணிதத்தில் பி.ஏ., பிறகு 1916-ல் எம்.ஏ. அங்கே அவருக்குக் கிடைத்த குரு எட்வர்டு ராஸ் என்ற கணிதப் பேராசிரியர். ரங்கநாதனுக்குச் சின்ன வயதிலிருந்து திக்குவாய். அப்படிப்பட்டவர் சைதாப்பேட்டையில் எல்.டி. முடித்து, 1917-லிருந்து மங்களூர், கோயமுத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி என்று கணக்கு வாத்தியாராகவே வேலை பார்த்தார். திக்குவாயையும் சிறிது சிறிதாக வசத்துக்குக் கொண்டுவந்தார். மேடை ஏறக் கூச்சப்படும் இளைய நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கணக்கு வாத்தியார் எப்படி நூலகர் ஆனார்? சம்பளம்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். வாத்தியார் வேலையில் கைக்கும் வாய்க்கும் எட்டாத நிலை. சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை உண்டாக்கி விளம்பரம் செய்தது. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 900 பேர். அதில் ஒருவருக்காவது நூலகப் படிப்பு கிடையாது. ரங்கநாதன் விண்ணப்பம் போட்டதையே மறந்துவிட்டார். இண்டர்வியூவுக்கு அழைப்பு வந்ததும் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தை எடுத்து நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார். அவருக்கிருந்த நூலக அறிவு அவ்வளவுதான். வேலை கிடைத்துவிட்டது. 1924 ஜனவரியில் பதவி ஏற்றார்.

ஏற்றவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பறை நிறையப் பிள்ளைகளோடு இருந்த மனிதரை ஆளில்லாத கூடத்தில் புத்தக பீரோக்களோடு உட்கார வைத்தால் என்ன செய்வார்? யாரும் வரமாட்டார்கள், யாரும் பேசமாட்டார்கள். சில வாரத்திலேயே மேலிடத்துக்குப் போய், இந்த வேலை எனக்கு ஆகாது, பழையபடி கணக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சினார். அவர்கள் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். லண்டன் போய் நூலகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் வாத்தியார் வேலை உங்களுக்குக் காத்திருக்கும் என்றார்கள். இந்த ஒரு சலுகை அன்று கிடைக்காமல் போயிருந்தால் இந்திய நூலகங்களின் கதையே வேறாகப் போயிருக்கும் என்றால் அது மிகையாகாது.

1924 செப்டம்பரில் கப்பல் ஏறினார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் பாடம் கேட்டார். சேயர்ஸ், கிராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைமை நூலகர். பாடத்தை விட அவரை அதிகம் பாதித்தது ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்த நூலகங்கள்தாம். அங்கே குழந்தைகள் வருகிறார்கள், வேலைக்குப் போகும் ஆட்கள் வருகிறார்கள், பெண்கள் வருகிறார்கள். அலமாரி திறந்து கிடக்கிறது, அவரவர் கையாலேயே எடுத்துப் பார்க்கிறார்கள். நம் ஊர் பூட்டிய பீரோவை நினைத்திருப்பார்.

இன்னொன்றும் அங்கே அவரை உறுத்தியது. புத்தகங்களை அடுக்கும் முறை. அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட தசம முறைதான் அப்போது எங்கும் பரவியிருந்தது. உலக அறிவை எல்லாம் பத்துப் பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பத்தாகப் பிரித்து, மறுபடி பத்தாகப் பிரிப்பது. இலக்கியத்துக்கு 800. அதில் அமெரிக்காவுக்கு 810, இங்கிலீஷுக்கு 820, ஜெர்மனுக்கு 830, பிரெஞ்சுக்கு 840 என்று போய், லத்தீனுக்கு 870, கிரேக்கத்துக்கு 880. மிச்சமுள்ள 890, மற்றவை! உலகத்தின் மற்ற எல்லா மொழிகளும் அந்த ஒரு பெட்டிக்குள் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். தமிழ் எங்கே என்று தேடினால், 894.811. ரயிலில் ஏழு பெட்டி தாண்டி, எட்டாவது பெட்டியின் வாசற்படியில் தொங்கிக்கொண்டு வருவது போல. சங்க இலக்கியம் முழுவதும் அந்தப் புள்ளிக்குப் பின்னால்தான். டூயியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் காலத்து அமெரிக்கக் கல்லூரி நூலகத்தில் இருந்த புத்தகங்களுக்குத் தக்கபடி அவர் பெட்டி செய்தார். ஆனால் சென்னையில் இருப்பவன் ஏன் அந்தப் பெட்டிக்குள் அடங்க வேண்டும்?

லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தாராம் ரங்கநாதன். துளையிட்ட தகரப் பட்டைகள், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை வைத்து வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். ஆயத்தமாகச் செய்து வைத்த பெட்டி வேண்டாம், துண்டுகளைக் கொடுத்தால் போதும், எந்தப் புத்தகத்துக்கும் வேண்டிய எண்ணைப் பூட்டிக்கொள்ளலாம் என்று அவருக்கு அங்கே பொறி தட்டியது. நட்டு போல்ட்டுக்குப் பதிலாக முக்காற்புள்ளி. அதனால்தான் கோலன் பகுப்பு முறை என்று பெயர். ஊர் திரும்பும் கப்பலில் இருந்த சின்ன நூலகத்தையே இந்த முறையில் மாற்றி அடுக்கிப் பார்த்துவிட்டார் மனிதர். 1925 ஜூலையில் சென்னை வந்து சேர்ந்தபோது கணக்கு வாத்தியார் வேலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

அந்த முறை 1933-ல் புத்தகமாக வந்தது. ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். இந்தியாவில் 1950-களில் நுரையீரல் காசநோயை எக்ஸ்ரே கொண்டு குணப்படுத்துவது பற்றி நடந்த ஆராய்ச்சி என்று ஒரு புத்தகம். மருத்துவத்துக்கு எல் எழுத்து, நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, எக்ஸ்ரேக்கு 253, ஆராய்ச்சிக்கு ஒரு எழுத்து, இந்தியாவுக்கு 44, காலத்துக்கு என் 5. எல்லாவற்றையும் புள்ளியும் கோடும் போட்டுக் கோத்தால் புத்தகத்தின் ஜாதகமே வந்துவிடும். இந்தத் துண்டுகளை எல்லாம் பின்னாளில் ஐந்து இனமாக வகுத்தார். இன்னது என்று அடையாளம் சொல்லும் ஆளுமை, பொருள், வினை, இடம், காலம். எனக்கு ஒரு சொந்தக் கற்பனை உண்டு. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று பெயர்ச்சொல்லை ஆறாகப் பிரித்துப் பள்ளிக்கூடத்தில் நமக்கு இலக்கணம் சொல்லித் தந்தார்களே, ஏறக்குறைய அதே கணக்கு. ரங்கநாதன் அங்கிருந்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தமிழ் ஐயாவிடம் ஒழுங்காகப் படித்தவனுக்குக் கோலன் முறை பயமுறுத்தாது.

இப்போது கிரேக்க விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலீஷின் இருபத்தாறு எழுத்துகள் அவருக்குப் போதவில்லை. ஆன்மிக அனுபவத்துக்குத் தனி வகுப்பு வேண்டும் என்று நினைத்து அதற்குக் கிரேக்கத்தின் டெல்டாவை வைத்தார். பின்னால் வந்த பதிப்புகளில் காமா, சிக்மா எல்லாம் வந்து சேர்ந்தன. சித்தர்களும் ஆழ்வார்களும் போல அனுபவித்துச் சொன்னவர்களுக்கு ஒரு கிரேக்க முக்கோணம்! இலக்கியத்துக்கு ஓ எழுத்து. அதன் பின்னால் மொழியின் எண். கிரேக்கத்துக்கு 13. தமிழுக்கு 31. கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டும் திரும்பி நிற்கின்றன. இது தற்செயல்தான். திராவிட மொழிகளுக்கு 3 என்றும் அதில் தமிழுக்கு முதல் இடம் என்றும் அவர் வைத்ததால் வந்தது. ஆனால் ஒன்று பாருங்கள். டூயியிடம் 880-க்கும் 894.811-க்கும் இருந்த தூரம் இங்கே இல்லை. கிரேக்கத்துக்கு இரண்டு இலக்கம், தமிழுக்கும் இரண்டு இலக்கம், இங்கிலீஷுக்குத்தான் மூன்று, 111. பாரதியார் கவிதைக்கு எண் போட வேண்டுமா? ஓ31, கவிதைக்கு 1, அவர் பிறந்த 1882-க்கு எம்82. ஷேக்ஸ்பியரும் இதே விதிப்படித்தான் நிற்க வேண்டும்.

சும்மா புகழக் கூடாது, குறையையும் சொல்லியாக வேண்டும். கோலன் எண்கள் சில சமயம் புத்தகத்தின் முதுகை விட நீளமாகிவிடும். வாசகருக்காகவே வாழ்ந்த மனிதர் கண்டுபிடித்த எண்ணை வாசகரால் படிக்க முடியாது. பயமுறுத்தும் நூலக வார்த்தைகளோடு ஃபேசட், ஐசோலேட், கேனன் என்று தன் பங்குக்கும் ஒரு கூடை சேர்த்துவிட்டார். நாங்கள் நூலகப் படிப்பில் சேர்ந்தபோது இதைப் படித்துத் தலையில் கை வைத்துக்கொண்டோம். நம் நாட்டுக் கல்லூரி நூலகங்களில் பல இன்றைக்கும் டூயி முறையைத்தான் கடைப்பிடிக்கின்றன. ஆனால் ஒரு புத்தகத்தைப் பல முகங்களாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற அவருடைய யோசனையை உலகம் முழுவதும் எடுத்துக்கொண்டது. இன்று கடைத்தளத்தில் விலை, நிறம், அளவு என்று தட்டித் தட்டிச் சட்டை தேடும் இளைஞர்கள், தெரியாமலேயே ரங்கநாதன் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

எனக்கு அவரிடம் இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது, அதற்கு உயிர்நாடி அவர்தான். அதே ஆண்டு நூலகத் தொழிலுக்கு அடிப்படை விதிகள் என்ன என்று யோசித்து யோசித்துத் திணறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் பழைய குரு ராஸ் அந்தப் பக்கம் வந்தார். சங்கடத்தைக் கேட்டுவிட்டு, புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கே என்றுதானே சொல்ல வருகிறாய் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். முதல் விதி கிடைத்துவிட்டது. மற்ற நான்கும் அதிலிருந்து தானாக வந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். 1931-ல் ஐந்து விதிகள் புத்தகமாக வந்தது. முன்னுரை சிவசாமி ஐயர், அறிமுகம் சேயர்ஸ்.

ஐந்தாம் விதியை வகுப்பில் சொல்லும்போது நான் எங்கள் ஊர்க் கதையைத்தான் சொல்வேன். மழை இரவில் திருக்கோவிலூர் இடைகழி ஒன்றில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று முதலாழ்வார்கள் மூவரும் நெருங்கி நின்ற கதை. நூலகம் கட்டுகிறவர்கள் முதல் ஆழ்வார் படுக்கும் அளவுக்குத்தான் இடம் விடுகிறார்கள், மூன்றாவது ஆள் வருவார் என்று நினைப்பதே இல்லை.

முதல் விதிதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. பயன்படுத்துவதற்கே என்றால் பீரோவுக்குப் பூட்டு எதற்கு? சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் வாசகரை அலமாரி வரைக்கும் உள்ளே விட்டார். கன்னிமாரா கட்டடத்தில் ஒண்டிக்கொண்டிருந்த அந்த நூலகம் 1936-ல் கடற்கரையில் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. இருபது வருஷமும் அவர் லீவே எடுக்கவில்லை என்று நூலகர்கள் வட்டாரத்தில் பெருமையாகச் சொல்வார்கள். நகரத்துக்கு மட்டும் நூலகம் போதாது என்ற அந்த இயக்கத்தின் வேகத்தில்தான் 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார்.

1945-ல் சென்னையை விட்டார். ராதாகிருஷ்ணன் அழைப்பில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் போய், அங்கே குவிந்து கிடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் புத்தகங்களைத் தன்னந்தனியாக வகைப்படுத்தினார். பிறகு டில்லி, சூரிக், உஜ்ஜயினி, கடைசியாகப் பெங்களூர். 1957-ல் பத்மஸ்ரீ, 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர். 1956-ல் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகவியல் பேராசிரியர் பதவிக்காகக் கொடுத்தார். சம்பளம் போதாமல் நூலகர் ஆன மனிதர்!

பட்டம் பதவி எல்லாம் இருக்கட்டும். 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவிலேயே முதல் நூலகச் சட்டம். அதற்காக இருபது வருஷம் மாதிரிச் சட்டம் எழுதி, மனுப் போட்டு, மேடையில் பேசி நடையாய் நடந்தவர் ரங்கநாதன். அதைக் கொண்டுவந்தவர் கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார். அப்போது பிரதமராக இருந்தவர் நம் தென்னாற்காட்டு ஓமந்தூரார் என்பதில் நமக்கும் ஒரு பங்கு பெருமை. அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு நூலக வரி. வீட்டு வரி ஒரு ரூபாய்க்கு அரையணா வீதம் நூலகத்துக்கென்று தனியாக வசூலிப்பது. அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடக் கூடாது.

எங்கள் அப்பா திருக்கோவிலூரில் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கியவர். கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் எழுத்துக்கு எழுத்து நிறுத்தி. வீட்டு வரி கட்டிவிட்டு வந்தால் ரசீதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். ஒரு தடவை, நான் ஏழாவது படிக்கும்போது, நூலக வரி என்று ஒரு வரி போட்டுச் சில்லறைக் காசு எழுதியிருந்தது. அது என்னடா என்றார். புத்தகம் படிக்கிற இடத்துக்கு என்றேன். தெருவிளக்குக்குக் கொடுத்தால் வெளிச்சம் வருகிறது, தண்ணிக்குக் கொடுத்தால் தண்ணி வருகிறது, இதற்குக் கொடுத்தால் நமக்கு என்ன வருகிறது என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் யோசித்தார். மறுநாள் சாயங்காலம் என்னைக் கையைப் பிடித்துக் கிளை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே ஒரு ஓரமாக நின்றார். மேசை மேல் இருந்த ஆளிடம் ரசீதைக் காட்டி, நான் கட்டியிருக்கிறேன், எனக்குப் படிக்கத் தெரியாது, என் பங்குக்கு இவன் படிப்பான் என்றார். ரசீது தேவையில்லை பெரியவரே, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அவர் சொன்னதை அப்பா கடைசி வரை நம்பவில்லை. வருஷா வருஷம் வரி கட்டிய அன்று, நான் ஒழுங்காகப் போய் வருகிறேனா என்று விசாரிப்பார். காசு கொடுத்த பண்டம் வீணாகக் கூடாது.

அந்தக் கிளை நூலகத்தில் தரை மட்ட அலமாரியில் கையை விட்டு எடுத்துப் படித்துப் பழகியவன்தான், கல்லூரிக்கு வந்து கண்ணாடி பீரோ முன் கால் நம்பருக்கு முழித்தவன்.

1972 செப்டம்பர் 27-ல் ரங்கநாதன் பெங்களூரில் காலமானார். செய்தி வந்த அன்று பேப்பர் படிக்கத்தான் நான் நூலகத்துக்குள் போனேன். அப்போதைய நூலகர் ஐயா பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். எவர் கிடைத்தாலும் பேச வேண்டும் போல இருந்திருக்கும், நான் கிடைத்தேன். உட்காரச் சொல்லி ஒரு மணி நேரம் பேசினார். இந்தக் கட்டுரையில் நான் எழுதியிருப்பதில் பாதி அன்று அவர் சொன்னதுதான். கால் நம்பர் என்றால் புத்தகத்தைக் கூப்பிடும் எண் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு பழைய அட்டையின் பின்பக்கம் 894.8113 என்றும், அதன் கீழே ஓ31,3என்12 என்றும் எழுதினார். இரண்டும் ஒரே புத்தகம்தான் தம்பி, மு.வ.வின் அகல் விளக்கு, மேலே இருப்பது டூயி கொடுத்த விலாசம், கீழே இருப்பது ரங்கநாதன் கொடுத்த விலாசம் என்றார். என்12 என்பது மு.வ. பிறந்த 1912.

மறுநாள் போனபோது தமிழ் பீரோ ஒன்று திறந்து கிடந்தது. அதன் பிறகு அது பூட்டப்படவே இல்லை. சீட்டு எழுத வேண்டியதில்லை, நேரே போய் எடுக்கலாம். எங்களுக்குக் கொண்டாட்டம். அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று நானே நூலகர் ஆன பிறகுதான் புரிந்தது. ஆண்டு முடிவில் புத்தகத்தை எண்ணிச் சரிபார்ப்பார்கள். குறைந்தால் நூலகர் பதில் சொல்ல வேண்டும், சில இடங்களில் கைக்காசைப் போட்டுக் கட்டவும் வேண்டும். பூட்டி வைத்தால் ஒரு பிரச்னையும் இல்லை. புத்தகம் தொலையக் கூடும் என்பது தெரிந்தே பீரோவைத் திறந்து விடுவதற்கு ரங்கநாதன் மாதிரி ஒருவர் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த வருஷக் கணக்கெடுப்பில் திறந்த பீரோவில் ஏழு புத்தகம் குறைந்தது. நூலகர் ஐயா ஒரு வார்த்தை சொல்லாமல் தன் சம்பளத்திலிருந்து கட்டினார் என்று அட்டெண்டர் எங்களிடம் சொன்னார். பீரோவை மட்டும் பூட்டவில்லை.

அந்த ஏழில் ஒன்று என்னிடம் இருக்கிறது. அகல் விளக்கு. கோடை விடுமுறைக்கு ஊருக்கு எடுத்துப் போனேன், அப்பாவுக்குத் தினம் ராத்திரி வாசித்துக் காட்டினேன், பாதியில் நிறுத்த முடியவில்லை. அப்புறம் திருப்பிக் கொடுக்க வெட்கம். முப்பது வருஷத்துக்கு மேல் நூலகராக இருந்து அடுத்தவர்களிடம் அபராதம் வசூலித்தவன் வீட்டு அலமாரியில் அது இருந்துகொண்டே இருந்தது. ஐயா இன்று இல்லை. கல்லூரி முத்திரை, அக்செஷன் நம்பர், முதுகில் 894.8113 எல்லாம் அப்படியே இருக்கின்றன. சந்திப்பு அன்று கொண்டு வருகிறேன். அந்த மாணவிக்குப் போட்ட சொற்பட்டியலையும் நாற்பது பிரதி எடுத்து வருகிறேன், வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம். புத்தகத்தை யாரிடம் ஒப்படைப்பது, அபராதம் எத்தனை என்று மட்டும் மலர்க் குழுவினர் நூலகத்தில் விசாரித்து வைத்தால் உதவியாக இருக்கும்.